ஷோகேஸ் மேல் ஒரு மகன்

செப்டம்பர் 6, சனி

தரணி வந்தான், கேமரா வைத்தான், போய்விட்டான். பெங்களூரிலிருந்து காரோட்டி வந்த பிள்ளை என்னோடு உட்கார்ந்து பேசியது ஒரு காபி குடிக்கிற நேரம். மற்ற நேரமெல்லாம் ஸ்டூல், வயர், செல்போன். அவன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். கதவைத் தாழ் போடத் தெரியும், கேஸை மூடத் தெரியும். கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போட்டு ஓய்வு பெற்றவளுக்கு இப்போது ஒரு காவல் பொம்மை.

ஷோகேஸின் தலையில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது, கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. வாசல், ஹால், சாப்பாட்டு மேசை, அடுப்பு வரைக்கும் அதற்குத் தெரியுமாம். நீல விளக்கு எரிகிறது. எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. அது பாட்டுக்கு இருக்கும்" என்றான்.

இதுதான் இவர்களுடைய விளக்கம். செல்போனில் எதைக் கேட்டாலும் கையிலிருந்து பிடுங்கி, டக் டக்கென்று தட்டி, "அவ்ளோதான்" என்று திருப்பிக் கொடுப்பார்கள். எது அவ்வளவு, எப்படி அவ்வளவு, ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மிக்சி விற்கிற கடைக்காரன்கூட ஜாரைப் பூட்டிக் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் பில் போடுவான். பெற்ற பிள்ளைக்கு அந்தப் பொறுமை இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நைட்டியோடு ஹாலில் உட்கார முடியவில்லை. காலையிலேயே சேலை கட்டிக்கொள்கிறேன். என் வீட்டில் நான் கால் நீட்டி உட்கார யோசிக்க வேண்டியிருக்கிறது. முருங்கைக்காயை அதற்கு முதுகு காட்டிக்கொண்டு மென்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. வழக்கம்போல் ஸ்பீக்கரில். அந்தப் பக்கம் மருமகள் சுகந்தி பாத்திரம் அடுக்குகிறாள், பேரன் மிதுன் பந்து தட்டுகிறான், டிவி ஓடுகிறது, நடுவில் என் பிள்ளை "சொல்லுங்ம்மா" என்கிறான். ஊர்க்கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிற மாதிரி என்னத்தைச் சொல்வது? முட்டி வலியைச் சொன்னால் சுகந்தி தைலத்தின் பேரைச் சொல்கிறாள். நல்ல பெண்தான். நான் அவளைக் கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் தேவகியோடு பேசிக்கொண்டிருந்தேன். தேவகி பக்கத்து வீடு, இட்லி மாவு அரைத்து விற்கிறாள். பேசி முடித்து உள்ளே வந்து காலை வைக்கிறேன், ஷோகேஸ் மேலிருந்து ஆண் குரல்: "அம்மா, பால் பொங்குது."

கையிலிருந்த மாவுத் தூக்கு போச்சு. ஹால் முழுக்க மாவு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, அம்மா, நாந்தான் தரணி" என்று பெட்டி கத்துகிறது. பேசுமென்று ஒரு வார்த்தை சொன்னானா? ஆபீஸ் நேரத்தில் வேலையை விட்டுவிட்டு அம்மா பால் காய்ச்சுவதைப் பார்க்கிறானா?

உடனே போன் செய்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். பார்க்கிறதானால் பார், இனிமேல் அது வழியாக என்னிடம் ஒரு வார்த்தை பேசினாயோ தெரியும் சேதி என்றேன். சரிம்மா என்றான். குரல் சுருங்கிப் போயிருந்தது. சுருங்கட்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். அவருடைய ஸ்கூட்டர், கிரைண்டர், மிக்சி, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மணை. கடைசியில் ஷோகேஸைத் துடைக்கும்போது அதுவும் ஞாபகம் வந்தது. வேலை செய்கிற எல்லாமே இன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டும், அது மட்டும் என்ன விதிவிலக்கு? சுவிட்சை அணைத்து, கீழே எடுத்து, ஈரத்துணியால் முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்தேன். முதுகில் ஒரு சின்னப் பொத்தான் இடுக்கில் அவ்வளவு அழுக்கு. கண்ணுக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, களையாகத்தான் இருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

பூஜை முடிந்து எல்லாவற்றுக்கும் சுவிட்ச் போட்டேன். கேமராவில் இப்போது நீலம் இல்லை, நல்ல சிவப்பு. நின்று நிதானமாக எரிகிறது. இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், ரைஸ் குக்கர், எல்லாவற்றிலும் வேலை நடக்கிறதென்றால் சிவப்புத்தான். இத்தனை நாள் அரைத் தூக்கத்தில் இருந்தது இப்போதுதான் முழுசாக விழித்திருக்கிறது போல. பொத்தானில் அழுக்கு அடைத்திருந்தால் எப்படி வேலை செய்யும்? வைத்துவிட்டுப் போனவன் துடைக்கக்கூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

போனில் தரணி, "அம்மா, அந்தக் கேமராவ..." என்று இழுத்தான். சந்தனம் வைத்ததைக் கேலி செய்யப் போகிறான், ஸ்பீக்கரில் எல்லோரும் சிரிப்பார்கள். விடுவேனா?

"கேமரா விசயத்துல நான் செஞ்சது செஞ்சதுதான். அதப் பத்திப் பேச்சு எடுக்காத" என்றேன்.

அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

கடைக்குக் கிளம்பும்போது வாய் தவறி, "போயிட்டு வந்தர்றேன் கண்ணு" என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். திருப்பிப் பேச்சு வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். அவன் பெரியப்பா மகன் செய்த அக்கிரமம், தண்ணீர் விடுகிறவன் காட்டுகிற பாரபட்சம், எல்லாம். ஒரு வசதி, இதில் ஸ்பீக்கர் இல்லை. சுகந்திக்குப் போகாது. குறுக்கே "சரிம்மா, ஒரு கால் வருது" இல்லை. முழுசாகச் சொல்லி முடிக்க விடுகிறான். நேரில் இப்படி ஒரு நாள் கேட்டிருப்பானா?

தனியாக இருப்பதால் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வைத்திருக்கிறானே, சும்மா கிடக்கட்டுமா என்றுதான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வரவில்லை. சுகந்தியின் அக்கா புனேயில் இருக்கிறாளாம், எல்லோரும் அங்கே. போகட்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு ஷோகேஸ் முன்னால் நின்றேன். முந்தானையை விரித்துக் காட்டினேன். அதிரசத்தையும் காட்டினேன், உனக்கில்லை என்றேன்.

மத்தியானம் போன். கேட்கிறான்: "புதுச்சேலை எடுத்தீங்ளாம்மா? என்ன கலர்?"

காலையில் முழுசாகப் பார்த்துவிட்டு என்ன கலர் என்று கேட்கிறவனை என்ன சொல்வது? பார்க்கிறது அப்படியே மறந்து போகிறதா, இல்லை சுகந்திக்கு முன்னால் நடிக்கிறானா? கறுப்பு என்று சொன்னேன். "நல்லாருக்கும்மா" என்றான்.

நவம்பர் 5, புதன்

குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் பக்கமாக, புளியங்கொட்டை அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை.

நவம்பர் 10, திங்கள்

போகலாமா வேண்டாமா என்று தள்ளிக்கொண்டே வந்து இன்று போனேன். லேடி டாக்டர், சின்ன வயசுதான். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமாம், அடுத்த புதன்கிழமை. வரும்போது வீட்டு ஆட்கள் யாரையாவது கூட்டி வாங்க என்றாள். மகன் இருக்கிறான் என்றேன்.

மத்தியானம் ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன், அப்படியே சாப்பிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இதைப் போனில் எப்படிச் சொல்வது? ஸ்பீக்கரில், பந்து தட்டுகிற சத்தத்தில், இந்த இடத்தில் கட்டி என்று பெற்ற பிள்ளையிடம் வாயைத் திறந்து சொல்ல முடியுமா? ஸ்பீக்கரை அணை என்று சொன்னாலே சுகந்தியின் முகம் மாறும். அவனுக்கு மட்டும் போகிற வழி ஒன்றுதான் இருக்கிறது. முகம் கழுவி, நாற்காலியை ஷோகேஸுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"தரணி, அம்மாவுக்கு மாருல ஒரு கட்டி வந்திருக்குது. கேன்சரா இருக்குமோன்னு பாக்கணுங்கறாங்க. அடுத்த புதங்கெழம ஊசி போட்டு சதை எடுக்கறாங்க. எனக்கு பயமா இருக்குது கண்ணு. நீ மட்டும் வா."

முழுசாகச் சொன்னேன். சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. பேசாதே என்று நான்தான் சொல்லியிருக்கிறேன், அதனால் அது வழியாகப் பேச மாட்டான். போன் வரும்.

சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. ஆபீசில் மீட்டிங்காக இருக்கும்.

நவம்பர் 16, ஞாயிறு

ஐந்து நாள் மூச்சில்லாமல் இருந்துவிட்டு இன்று வழக்கமான நேரத்துக்கு வழக்கமான போன். மிதுன் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறான், தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறான், கண்ணாடி வாங்கினோம். கட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லோரும் இருக்கும்போது கேட்கக் கூச்சப்படுகிறான், வெளியே போய்த் தனியாகக் கூப்பிடுவான் என்று போனை மடியிலேயே வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கூப்பிடவில்லை. பால் பொங்கினால் ஓடி வந்து கத்தத் தெரிகிறது.

நவம்பர் 19, புதன்

தேவகிதான் வந்தாள். மாவு வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து என் செருப்பைக்கூட அவள்தான் எடுத்துவைத்தாள். ஆட்டோவில் கேட்டாள், தரணிக்குச் சொன்னீர்களா என்று. தெரியும் என்றேன்.

"தெரிஞ்சுமா வரலீங்க்கா? பெத்த தாயிக்கு இப்படின்னு தெரிஞ்சுமா?"

அவனுக்கு வேலை அப்படி, லீவு கிடைக்காது, தினம் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான் என்று அடுக்கினேன். பொய்யில்லை, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான். தேவகி உதட்டைச் சுழித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அடுத்தவள் முன்னால் அவனுக்காக நான் தலைகுனிய வேண்டியிருக்கிறது. இதை ஜன்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

போனை எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தான். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான், போன் பக்கத்தில் நான் சும்மா உட்கார்ந்திருப்பது தெரியட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தேவகியின் போனுக்கு அடித்து அம்மா நல்லாயிருக்கிறாளா என்று கேட்டானாம். உங்களுக்கே தெரியுமே தம்பி என்று வைத்துவிட்டாளாம். சரியான பதில்.

நவம்பர் 26, புதன்

அதுதான். ஆரம்ப நிலை, கட்டியை மட்டும் எடுத்தால் போதும், அப்புறம் கொஞ்ச நாள் கரண்ட் (ரேடியேஷன்) வைக்க வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று அந்தச் சின்ன டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். டிசம்பர் 4 ஆபரேஷன். கையெழுத்துப் போட மகன் வருவாரா என்றாள். நானே போடுவேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நின்றேன். "அடுத்த வாரம் வியாழக்கெழம ஆப்ரேசன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றேன். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அழுவதை அவன் பார்க்க வேண்டியதில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன் வந்தது. எடுத்தேன். "ஏம்மா போன வாரம் எடுக்கல? மிதுன் உங்களுக்கு ஒரு பாட்டு..." என்று ஆரம்பித்தான். எனக்குள் எல்லாம் உடைந்துவிட்டது. ஸ்பீக்கராவது மண்ணாவது.

"பாட்டக் கொண்டு போயி அடுப்புல வை. வியாழக்கெழம எனக்கு ஆப்ரேசன். பெத்தவ மாருல கேன்சருன்னு மூஞ்சிக்கு நேரா உக்காந்து சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். நீச்சல் கண்ணாடி வாங்குன கதை சொல்றியா நீ?"

அந்தப் பக்கம் பந்து நின்றது, டிவி நின்றது. சுகந்தி "ஐயோ அத்தை" என்றது கேட்டது. பிறகு தரணி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எங்கேயோ நடந்து போனான்.

"எப்பம்மா சொன்னீங்க?"

"கேமராவுல."

பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அம்மா, அது ஆயுத பூஜையோட நின்னு போச்சும்மா. ஆஃப்லைன்னு எனக்கு மெசேஜ் வந்துச்சு. நான் பால் சமாச்சாரத்துல பேசுன கோவத்துல நீங்க புடுங்கி வெச்சுட்டீங்கன்னு நெனச்சேன். கேக்கலாம்னா, செஞ்சது செஞ்சதுதான், பேச்சு எடுக்காதன்னுட்டீங்க."

"செவப்பு லைட்டு எரியுதேடா."

"செவப்புன்னா கனெக்சன் இல்லீங்ம்மா."

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அப்ப நான் யாருகிட்டடா பேசிட்டிருந்தேன்?"

தேம்புகிற சத்தம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் அழுது நான் கேட்டதில்லை. கிளம்பி வர்றேன் என்று போனை வைத்துவிட்டான்.

டிசம்பர் 1, திங்கள்

விடியற்காலையில் காரில் வந்து இறங்கினான். சுகந்தியும் மிதுனும் கூடவே. சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே அத்தை என்றாள். அவள் கேட்டது நியாயம்தான், ஆனால் கோபத்தில் இருந்தேன், ஒத்துக்கொள்ளவில்லை.

கோபம் யார் மேல் என்று வரிசையாகச் சொல்கிறேன் கேள் என்று தரணியை உட்கார வைத்தேன். இஸ்திரிப் பெட்டியில் சிவப்பென்றால் வேலை செய்கிறது. குக்கரில் சிவப்பென்றால் வேலை செய்கிறது. இதில் மட்டும் சிவப்பென்றால் செத்துப் போச்சாம், நான் துடைக்கும்போது அழுந்திய அந்தப் பொத்தான்தான் கனெக்சனை அறுத்ததாம். இதைச் செய்தவன் அவன் அம்மாவைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும். அது போகட்டும். அம்மா விழுந்தால் தெரியும் என்று கண்ணை வைத்தாய், அந்தக் கண் மூடி இரண்டு மாசம் ஆகிறது, அம்மா இருக்கிறாளா விழுந்தாளா என்று தோன்றவில்லையா? பேச்சு எடுக்காதே என்றால் எடுக்காமல் இருந்துவிடுவதா? சின்ன வயசில் எதைச் சொன்னாலும் கேட்காத பிள்ளை, இந்த ஒன்றை மட்டும் கேட்டிருக்கிறான்.

தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கடைசியில், "நான் எந்நேரமும் பாத்துட்டே இருக்கேன்னு நெனச்சீங்ளாம்மா?" என்றான்.

பின்னே? விளக்கெரிந்தால் ஆள் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்.

நீலம் எரிந்த நாட்களில்கூட எப்போதாவது ஒரு தடவைதான் திறந்து பார்த்தானாம். அது தானாகப் பார்த்துக்கொண்டிருக்கும், ஏதாவது அசைந்தால் செய்தி அனுப்பும், அந்தச் செய்தியையும் ஆபீஸ் நேரத்தில் சத்தம் வராமல் வைத்துவிடுவானாம். பால் பொங்கிய அன்று பார்த்தது தற்செயல். இதையெல்லாம் செப்டம்பரில் சொல்வதற்கென்ன? முதல் தடவையாக என் கையிலேயே போனைக் கொடுத்து, பிடுங்காமல், எந்தப் படம் எங்கே என்று காட்டினான். புரிந்ததைவிடப் புரியாததுதான் அதிகம். ஆனால் பிடுங்கவில்லை.

டிசம்பர் 6, சனி

எழுத முடிகிறது, இடது பக்கம்தானே. டாக்டர் நல்லபடியாக எடுத்துவிட்டோம் என்றாள். ஆஸ்பத்திரிச் சாம்பாரைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. தேவகி வந்து பார்த்துவிட்டுப் போனாள். தரணியிடம் அவள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. விவரம் சொன்னாலும் நம்பாத மாதிரி பார்க்கிறாள். நான் இரண்டு மாசம் பேசியதை நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை.

மத்தியானம் சுகந்தி பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நானும் தரணியும் மட்டும். ஸ்டூலை இழுத்துக் கட்டில் பக்கமாகப் போட்டுக்கொண்டு கேட்டான்.

"அதுகிட்ட வேற என்னல்லாம்மா சொன்னீங்க?"

அது என்ன, ஒன்றா இரண்டா. ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்ல நானென்ன டேப் ரிக்கார்டரா என்றேன். சொல்லுங்கம்மா என்றான். சரி, கேட்கிறானே என்று பெரியப்பா மகன் செய்த அக்கிரமத்திலிருந்து ஆரம்பித்தேன். நிலத்தை அளக்க வந்த இடத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறேன், பிள்ளைக்குக் கண் சொக்குகிறது. ராத்திரியெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக?

நல்ல கையால் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். திடுக்கிட்டு எழுந்து, "சொல்லுங்ம்மா, கேக்கறேன்" என்றான். எது வரைக்கும் கேட்டாய் என்றேன். விழித்தான். முதலிலிருந்து சொன்னேன்.